டெல்லி சாலை விபத்துகள்: உயிரிழப்போரில் பாதசாரிகள் அதிகமாக இருப்பது ஏன்? முழு விவரம்

புதுடெல்லி: தலைநகர் டெல்லியின் சாலைகளில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு பேர் உயிரிழக்கின்றனர். 2022ஆம் ஆண்டில் மட்டும் 5,652 விபத்துகளில் 1,461 பேர் மாண்டனர். அவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் எந்த வாகனத்திலும் பயணம் செய்யாதவர்கள். சாலையோரம் நடந்து சென்றவர்கள், அல்லது சாலையைக் கடக்க முயன்றவர்கள்.

வாகன நெரிசலுக்குப் பெயர்பெற்ற நகரம் டெல்லி. எனினும், வாகனங்கள் ஊர்ந்து செல்லும் நேரத்தைக் காட்டிலும், சாலை காலியாகி வேகம் கூடும் இரவு நேரத்தில்தான் உயிரைப் பறிக்கும் விபத்துகள் மிகுதியாக நிகழ்கின்றன. யார், எங்கே, எப்போது உயிரிழக்கின்றனர் என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான், எந்த நடவடிக்கை உயிரைக் காக்கும் என்பது தெளிவாகும்.

எண்கள் சொல்வது என்ன?

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அதாவது, ஒரு மணி நேரத்துக்கு 19 பேர். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில், உயிரிழப்பு எண்ணிக்கையில் டெல்லியே முதலிடத்தில் இருந்தது.

இந்த முதலிடத்தை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். ஏறத்தாழ 1,483 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியத் தலைநகர்ப் பகுதி முழுவதும் ஒரே நகரமாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது. நெடுஞ்சாலைகள், புறநகர்க் கிராமங்கள், பழைய டெல்லியின் குறுகிய தெருக்கள் ஆகிய அனைத்தும் இந்த எண்ணிக்கைக்குள் அடங்கும்.

பத்தாண்டுகளுக்கு மேலான போக்கைப் பார்த்தால், முன்னேற்றம் இல்லாமல் இல்லை. 2010ஆம் ஆண்டளவில் டெல்லியில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்து வந்தனர். 2019ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 1,463 ஆகக் குறைந்தது. அதன் பிறகு இறங்குமுகம் நின்றுவிட்டது. ஊரடங்கு நிலவிய 2020ஆம் ஆண்டில் 1,196, மறு ஆண்டில் 1,239 எனக் குறைந்திருந்த உயிரிழப்பு, 2022ஆம் ஆண்டில் மீண்டும் பழைய அளவையே எட்டியது.

ஊரடங்கு ஆண்டின் கணக்கில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உள்ளது. 2019ஆம் ஆண்டில் 5,610 ஆக இருந்த விபத்துகள், 2020ஆம் ஆண்டில் 4,178 ஆகச் சரிந்தன. விபத்துகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தபோதும், உயிரிழப்புகள் அந்த அளவுக்குக் குறையவில்லை. நூறு விபத்துகளுக்கு 26 பேர் உயிரிழந்த நிலை மாறி, நூறு விபத்துகளுக்கு 28க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாலையில் வாகனங்கள் குறைந்தபோது, நிகழ்ந்த விபத்துகளின் கடுமை சற்றே கூடியது.

உயிரிழப்போர் யார்?

நாடு தழுவிய அளவில், 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோரில் இருசக்கர வாகனங்களில் சென்றோர் 44.5 சதவீதம், பாதசாரிகள் 19.5 சதவீதம். டெல்லியில் இந்த வரிசை மாறுகிறது. அங்கு பாதசாரிகளே முதலிடத்தில் உள்ளனர். அதே ஆண்டில் தலைநகரில் உயிரிழந்தோரில் சுமார் 43 சதவீதத்தினர் பாதசாரிகள். சுமார் 38 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இவ்விரு பிரிவினரும் சேர்ந்து ஐந்தில் நான்கு பங்கு ஆகின்றனர். கார்களில் பயணம் செய்வோரின் பங்கு மிகச் சிறியது.

பாதசாரி என்னும் சொல்லுக்குள் பலதரப்பட்ட மக்கள் அடங்குவர். பேருந்து நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்புறம் செல்ல வேண்டியவர், மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடப்பவர், இரவுப் பணி முடிந்து திரும்பும் தொழிலாளி, சாலையோர வியாபாரி, மையத் தடுப்பின் மீது படுத்துறங்கும் வீடற்றவர் ஆகியோர் அனைவரும் இதில் உள்ளனர். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், சீமாபுரி பகுதியில் சாலையின் மையத் தடுப்பில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது லாரி ஏறியதில் நான்கு பேர் உயிரிழந்தனர். வீடின்மையும் சாலைப் பாதுகாப்பும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை அந்த நிகழ்வு உணர்த்தியது.

இருசக்கர வாகன ஓட்டிகளைப் பொறுத்தவரை, தலைக்கவசமே முதல் பாதுகாப்பு. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் தலைக்கவசம் அணியாத நிலையில் 50,029 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள். முறையாக அணியப்படும் தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 40 சதவீதம் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பாதசாரிக்கு இத்தகைய கவசம் எதுவும் இல்லை. அவருக்குரிய பாதுகாப்பு, சாலையின் அமைப்பிலும் எதிரே வரும் வாகனத்தின் வேகத்திலும் மட்டுமே உள்ளது.

எங்கே, எப்போது?

டெல்லி போக்குவரத்துக் காவல்துறையின் ஆண்டறிக்கைகளில், உயிரிழப்பு மிகுந்த சாலைகளாக ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. ரிங் ரோடு எனப்படும் வட்டச் சாலை, வெளிவட்டச் சாலை, ஜி.டி. கர்னால் சாலை, ரோத்தக் சாலை, மதுரா சாலை, நஜஃப்கர் சாலை, தேசிய நெடுஞ்சாலை 48 ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. அகலமான, பல வழித்தடங்கள் கொண்ட, மேம்பாலங்கள் நிறைந்த சாலைகள் இவை. பெயரளவில் நகரச் சாலைகளாயினும், பெரும்பாலும் நெடுஞ்சாலைகளைப் போலவே இயங்குகின்றன.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகவும், 2010ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டிக்காகவும் நகரெங்கும் மேம்பாலங்கள் கட்டப்பட்டன. சிக்னலில் நிற்காமல் வாகனங்கள் செல்ல வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். சிக்னல் அகற்றப்பட்ட இடத்தில், பாதசாரி கடந்து செல்வதற்குக் கிடைத்து வந்த இடைவெளியும் அகற்றப்பட்டது. சாலையின் இருபுறமும் குடியிருப்புகளும் கடைகளும் பேருந்து நிறுத்தங்களும் அப்படியே இருந்ததால், மக்கள் கடந்து செல்லும் தேவை மட்டும் குறையவில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, முன்னிரவு தொடங்கி நள்ளிரவுக்குப் பிந்தைய முதல் சில மணி நேரம் வரையிலான பொழுதே மிக ஆபத்தானது. பகலில் நகருக்குள் வரத் தடை செய்யப்பட்டுள்ள கனரகச் சரக்கு வாகனங்கள் இரவில்தான் உள்ளே வருகின்றன. சாலை காலியாக இருப்பதால் கார்களின் வேகமும் கூடுகிறது. தெருவிளக்கு எரியாத இடங்களில் நடப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டுவதும் இந்த நேரத்தில் மிகுதி. குளிர்காலத்தில் மூடுபனி இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

வேகத்தின் கணக்கு

2022ஆம் ஆண்டில் நாட்டின் சாலை விபத்து உயிரிழப்புகளில் 71.2 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. வேகம் எவ்வாறு உயிரைப் பறிக்கிறது என்பதை எளிய கணக்கால் விளக்கலாம்.

ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு, பிரேக்கை மிதிப்பதற்குச் சுமார் ஒன்றரை வினாடி ஆகும் எனக் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அந்த இடைவெளியில் சுமார் 12 மீட்டரைக் கடந்து, மொத்தம் 18 மீட்டருக்குள் நின்றுவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே 25 மீட்டரைக் கடந்துவிடும்; உலர்ந்த சாலையில்கூட முழுமையாக நிற்க ஏறத்தாழ 45 மீட்டர் தேவைப்படும். 30 மீட்டர் தொலைவில் ஒருவர் சாலையில் இறங்கினால், முதல் கார் அவரை அணுகுமுன் நின்றிருக்கும். இரண்டாவது கார் அவர் மீது மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் மோதும்.

சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால், உயிரிழப்பை ஏற்படுத்தும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. காரின் முன்பகுதி மோதும்போது பாதசாரி உயிரிழக்கும் அபாயம், மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 கிலோமீட்டராக வேகம் உயரும்போது நான்கரை மடங்காகிறது என்றும் அந்த அமைப்பு குறிப்பிடுகிறது.

டெல்லி போக்குவரத்துக் காவல்துறை 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வேக வரம்புகளைத் திருத்தியமைத்தது. அதன்படி குடியிருப்புப் பகுதிகளின் உட்சாலைகள், சந்தைகள், இணைப்புச் சாலைகள் ஆகியவற்றில் அனைத்து வாகனங்களுக்கும் மணிக்கு 30 கிலோமீட்டர் வரம்பு விதிக்கப்பட்டது. பெரிய சாலைகளில் கார்களுக்கு 50 முதல் 70 கிலோமீட்டர் வரை அனுமதிக்கப்பட்டது. உட்சாலைகளுக்கான வரம்பு பாதசாரிக்குப் பாதுகாப்பானது. உயிரிழப்புகள் குவியும் பெரிய சாலைகளுக்கான வரம்பு, நடந்து செல்வோரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டதல்ல.

நடைபாதை இருந்தும் சாலையில் நடப்பது ஏன்?

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்துள்ள வழிகாட்டு நெறிகளின்படி, நடைபாதையில் தடையின்றி நடப்பதற்கு குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அதன் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் ஏறி இறங்குவதற்கு ஏற்ற உயரம் அது.

நடைமுறையில் பல சாலைகளில் நடைபாதை முழங்கால் அளவுக்கு உயர்ந்துள்ளது. அல்லது மின்மாற்றி, விளம்பரப் பலகை, நிறுத்தப்பட்ட கார்கள் ஆகியவற்றால் அடைபட்டுள்ளது. வீட்டு வாயில் ஒவ்வொன்றிலும் அறுந்து அறுந்து தொடரும் பாதையில் ஏறி இறங்குவதைவிட, சாலையோரத்தில் நடப்பதே எளிதாகிவிடுகிறது.

சாலையைக் கடப்பதற்காகக் கட்டப்படும் நடைமேம்பாலங்களும் சுரங்க நடைபாதைகளும் எதிர்பார்த்த பயனை எப்போதும் தருவதில்லை. நேரே கடந்தால் சில மீட்டர் தொலைவு. மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் அதைப் போலப் பல மடங்கு. மின்தூக்கி இயங்காத இடத்தில் முழங்கால் வலியுள்ள முதியவர் படியேற இயலாது. இரவில் வெறிச்சோடிக் கிடக்கும் சுரங்கப் பாதையில் தனியே செல்லப் பெண்கள் அஞ்சுகின்றனர். சாலை மட்டத்திலேயே சிக்னலுடன் கடக்கும் வசதியும், நடுவில் பாதுகாப்பாக நிற்பதற்குரிய மேடையும் அமைக்கப்பட வேண்டும் என்பது நகரப் போக்குவரத்து வல்லுநர்களின் நெடுநாள் வலியுறுத்தல். டெல்லி ஐஐடியின் மறைந்த பேராசிரியர் தினேஷ் மோகன் இக்கருத்தைப் பல ஆண்டுகள் முன்வைத்து வந்தார்.

மாற்றத்துக்கான முயற்சிகள் எளிதில் நிலைபெறுவதும் இல்லை. அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தொலைவுக்கு, பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் நடப்போருக்கும் தனித்தனி இடம் ஒதுக்கிய விரைவுப் பேருந்துத் தடம் 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கார் ஓட்டுவோரின் கடும் எதிர்ப்புக்கு உள்ளான அத்தடம் 2016ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. மறுபுறம், செங்கோட்டையிலிருந்து ஃபதேபூரி மசூதி வரையிலான சாந்தினி சவுக் வீதி 2021ஆம் ஆண்டில் சீரமைக்கப்பட்டு, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது.

பொறுப்பு யாருடையது என்பதும் சிக்கலான கேள்வியே. 60 அடிக்கு மேல் அகலமுள்ள சாலைகள் பெரும்பாலும் டெல்லி அரசின் பொதுப்பணித் துறையிடம் உள்ளன. சிறிய சாலைகள் மாநகராட்சியிடமும், மத்திய டெல்லியின் சாலைகள் புதுடெல்லி நகராட்சிக் கழகத்திடமும், நெடுஞ்சாலைகள் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்திடமும் உள்ளன. போக்குவரத்துக் காவல்துறையோ மத்திய உள்துறை அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. விபத்து நிகழும் இடத்தை அறிந்துள்ள துறை ஒன்று. அதைச் சீரமைக்க வேண்டிய துறை மற்றொன்று.

மோதிய வாகனம் தெரியாவிட்டால்?

டெல்லியில் உயிரிழப்பை ஏற்படுத்திய விபத்துகளில் பெரும் பகுதி, மோதிய வாகனம் எது என்றே தெரியாதவை. இரவில், ஆளில்லாச் சாலையில், கண்காணிப்புக் கேமரா இல்லாத இடத்தில் மோதிவிட்டுச் செல்லும் வாகனத்தைக் கண்டறிவது கடினம். வாகனம் தெரியாதபோது காப்பீட்டு நிறுவனம் எது என்பதும் தெரியாது. உயிரிழந்தவர் குடும்பத்தின் வருவாய் ஈட்டுபவராக இருந்தால், அக்குடும்பம் இருமுறை பாதிக்கப்படுகிறது.

இத்தகையோருக்காக மத்திய அரசின் இழப்பீட்டுத் திட்டம் ஒன்று நடைமுறையில் உள்ளது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல், அடையாளம் தெரியாத வாகனம் மோதி உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு ரூ.2 லட்சமும், படுகாயமடைந்தவருக்கு ரூ.50,000மும் வழங்கப்படுகின்றன. முன்னர் இத்தொகைகள் முறையே ரூ.25,000, ரூ.12,500 என இருந்தன. விபத்து நிகழ்ந்த பகுதியின் வருவாய்க் கோட்ட அதிகாரி அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை, அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

இத்திட்டம் இருப்பதையே அறியாதோர் ஏராளம். எனவே, விபத்து பதிவாகி ஒரு மாதம் கடந்தும் வாகனம் கண்டறியப்படாவிட்டால், இழப்பீடு கோரும் உரிமையைப் பாதிக்கப்பட்டோருக்கு எழுத்துமூலம் காவல்துறை தெரிவிக்க வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கோவை மருத்துவரின் வழக்கு

இந்த உத்தரவு பிறந்த வழக்குக்குத் தமிழ்நாட்டுடன் தொடர்பு உண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். அதன் தொடர்ச்சியாக, 2014ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. மாநிலம்தோறும் சாலைப் பாதுகாப்பு மன்றம், மாவட்டம்தோறும் குழு, தனி நிதி என 2017ஆம் ஆண்டில் நீதிமன்றம் விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது.

அதே வழக்கில், 2025ஆம் ஆண்டு அக்டோபரில் பாதசாரிகளின் பாதுகாப்பு குறித்தும் உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. நடைபாதை, கடக்குமிடம் உள்ளிட்டவற்றுக்கான விதிகளை மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் ஆறு மாதங்களுக்குள் வகுக்க வேண்டும் என மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் அறிவுறுத்தப்பட்டது. அதற்கு முன்பாக, 2025ஆம் ஆண்டு மே மாதத்தில், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வாகன ஓட்டிகளுக்கான அபராதத்தை உயர்த்தியது பரவலாக அறியப்பட்டதே. மது அருந்தி வாகனம் ஓட்டினால் முதல் குற்றத்துக்கே ரூ.10,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அதே சட்டத்தின் 198ஏ பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் உரிய தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரி, ஆலோசகர், ஒப்பந்ததாரர் ஆகியோருக்கு ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்க அப்பிரிவு வகை செய்கிறது.

விபத்தைக் கண்டால் என்ன செய்வது?

காயமடைந்த பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தைச் சட்டமே ‘பொன்னான நேரம்’ என வரையறுக்கிறது. அந்நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் பல உயிர்களைக் காக்க இயலும். உதவ முன்வருவோர் அறிந்திருக்க வேண்டியவை:

• 112 என்ற அவசர உதவி எண்ணை அழைத்து, இடத்தைத் தெளிவாகக் கூற வேண்டும்.

• நல்லெண்ணத்துடன் உதவும் ‘நற்கருணை வீரர்’ மீது வழக்குத் தொடரச் சட்டத்தின் 134ஏ பிரிவு தடை விதிக்கிறது. பெயர், முகவரியைத் தெரிவிக்க அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மருத்துவமனை அவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது. இதற்கான நெறிமுறைகளுக்கு 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சட்ட வலு அளித்தது.

• 2025ஆம் ஆண்டு மே 5 முதல், சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள்கள் வரை, ரூ.1.5 லட்சம் வரையிலான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் நடைமுறையில் உள்ளது. பணம் கட்டினால்தான் சேர்ப்போம் என்ற நிலைக்கு இத்திட்டத்தில் இடமில்லை.

• படுகாயமடைந்தவரைப் பொன்னான நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்து உயிர்காக்க உதவுபவருக்கு, ‘ராஹ் வீர்’ திட்டத்தின்கீழ் ரூ.25,000 வெகுமதி வழங்கப்படுகிறது.

பிற நகரங்களின் அனுபவம்

சாலையில் ஓர் உயிர்கூடப் பலியாகக் கூடாது என்ற இலக்கை 1997ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. மனிதர் தவறு செய்வது இயல்பு. அத்தவறு மரணத்தில் முடியாதவாறு சாலையை அமைக்க வேண்டும் என்பதே அக்கொள்கையின் அடிப்படை. நார்வே தலைநகர் ஓஸ்லோவில் 2019ஆம் ஆண்டு முழுவதும் சாலை விபத்தில் உயிரிழந்தவர் ஒருவரே. பாதசாரிகளில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. பின்லாந்து தலைநகர் ஹெல்சிங்கியில் 2025ஆம் ஆண்டு ஜூலையுடன் முடிந்த பன்னிரண்டு மாதங்களில் சாலை விபத்து உயிரிழப்பே பதிவாகவில்லை. அந்நகரின் பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர்.

அந்நகரங்கள் மக்கள்தொகையில் டெல்லியைவிட மிகச் சிறியவை. அவற்றின் வாகனச் சூழலும் வேறு. ஆயினும் அங்கு பயன்பட்ட வழிமுறைகள் பெரும் செலவு பிடிப்பவை அல்ல. வேகத்தைக் குறைத்தல், கடக்குமிடங்களை உயர்த்தி அமைத்தல், சந்திப்புகளைக் குறுக்குதல், தானியங்கிக் கேமராக்களால் கண்காணித்தல் ஆகியவையே அவை.

டெல்லியைப் பொறுத்தவரை, உயிரிழப்புகள் நகரெங்கும் சமமாகச் சிதறிக் கிடக்கவில்லை. அறியப்பட்ட சில சாலைகளில், அறியப்பட்ட சில மணி நேரங்களில், பெரும்பாலும் நடந்து செல்வோரிடையே குவிந்துள்ளன. அச்சாலைகளில் இரவு நேர வேகத்தைக் கட்டுப்படுத்துவது, எரியாத விளக்குகளை எரியச் செய்வது, பேருந்து நிறுத்தம் உள்ள ஒவ்வோர் இடத்திலும் சாலை மட்டத்தில் கடக்குமிடம் அமைப்பது ஆகிய மூன்றையும் முதலில் எங்கு தொடங்க வேண்டும் என்பது காவல்துறையின் ஆண்டறிக்கைகளிலேயே பட்டியலிடப்பட்டுள்ளது. 2030ஆம் ஆண்டுக்குள் சாலை விபத்து உயிரிழப்புகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கை இந்தியாவும் ஏற்றுள்ளது. 2022ஆம் ஆண்டின் கணக்கை அடிப்படையாகக் கொண்டால், டெல்லியைப் பொறுத்தவரை அந்தப் பாதி என்பது ஆண்டுக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள்.